ஃபைல் போவ மாட்டேங்கு

மாதக் கடைசியிலும் முதல் தேதியிலும் எனக்கு வருகிற ஃபோன்கள் பெரும்பாலும் ஒரே வாக்கியத்தில்தான் தொடங்கும்: “தம்பி, ஃபைல் போவ மாட்டேங்கு.” பேசுகிறவர் ஒரு நூற்பாலையின் கணக்குப்பிள்ளையாக இருக்கலாம், பிரானூர் மரக்கடை முதலாளியாக இருக்கலாம், பாவூர்சத்திரத்தில் காய்கறி மொத்த வியாபாரம் பண்ணுகிறவராக இருக்கலாம். வாக்கியம் மட்டும் மாறுவதில்லை.

அந்த ஃபைல், சம்பளப் பட்டியல். அல்லது சரக்கு கொடுத்தவர்களுக்குப் பணம் அனுப்பும் பட்டியல். ஓர் ஆளுக்கு ஒரு வரி: பெயர், வங்கிக் கணக்கு எண், ஐஎஃப்எஸ்சி, தொகை. கணக்கு மென்பொருளே இதைத் தயாரித்து, இடையில் யார் கையும் படாமல் வங்கியின் சர்வரில் கொண்டுபோய் வைத்துவிடும். வங்கிக்காரர்கள் இதை ‘ஹோஸ்ட் டு ஹோஸ்ட்’ என்பார்கள். வைக்கிற வழிக்கு எஸ்எஃப்டிபி என்று பெயர். யாரும் ஒட்டுக்கேட்க முடியாதபடி கோப்பைப் பூட்டி அனுப்பும் முறை அது. அந்த வழிக்கு புரோகிராம் எழுதுவதும், வழி அடைத்துக்கொண்டால் எங்கே அடைத்தது என்று தேடுவதும் என் பிழைப்பு.

தென்காசியில் உட்கார்ந்துகொண்டு இப்படி ஒரு பிழைப்பா என்று கேட்கிறவர்கள் இன்னும் உண்டு. 2011-இல் மத்தளம்பாறையில் சோஹோ நிறுவனம் சிறிய அளவில் அலுவலகம் போட்டது. வாடிக்கையாளர் புகார்களைக் கையாளும் ‘சோஹோ டெஸ்க்’ என்ற மென்பொருள் அங்கேதான் உருவாகி வெளிநாடுகளுக்குப் போனது. நான் அங்கே வேலை பார்ப்பவன் இல்லை. ஆனால் ‘கம்ப்யூட்டர் வேலைன்னா மெட்ராஸுக்கு ரயிலேறணும்’ என்ற பேச்சு இந்தப் பக்கத்தில் தளர்ந்தது அதற்குப் பிறகுதான். பிளஸ் டூ முடித்த பிள்ளைகள் குற்றாலத்திலும் இலஞ்சியிலும் இருந்துகொண்டே அமெரிக்காக்காரனின் சர்வரில் என்ன கோளாறு என்று பார்க்கிறார்கள். நானும் மேலகரத்தில் ஒரு வீட்டு மாடியில் இருந்து அதையே பார்க்கிறேன். என் வாடிக்கையாளர்கள் உள்ளூர்க்காரர்கள் என்பது மட்டும்தான் வித்தியாசம்.

இத்தனை காலம் பார்த்ததில் சொல்ல ஒன்று இருக்கிறது. இணைப்பு அறுந்தால் ‘ஏன்’ என்று யோசிக்கத் தொடங்குமுன் ‘எந்தப் படியில்’ என்று கேட்க வேண்டும். படி தெரிந்தால் காரணம் பெரும்பாலும் தானாகவே தெரிந்துவிடும். படி தெரியாமல் கை வைத்தால், கோளாறு இருக்கும் இடத்தை விட்டுவிட்டு நம்மைக் காப்பாற்றுகிற பூட்டைக் கழற்றிப் போட்டுவிடுவோம்.

பூட்டு வந்த கதை

கோப்பு அனுப்பும் முறைக்கு முதல் விதிமுறையை எழுதியவர் ஓர் இந்தியர். கான்பூர் ஐஐடியின் முதல் அணியில் படித்து அமெரிக்காவின் எம்ஐடிக்குப் போன அபய் பூஷண், 1971 ஏப்ரலில் எஃப்டிபிக்கான முதல் ஆவணத்தை வெளியிட்டார். அன்றைக்கு வலைப்பின்னலில் இருந்தவை சில பல்கலைக்கழகங்களும் ஆய்வுக்கூடங்களும்தான். ஒருவரை ஒருவர் தெரிந்த கூட்டம். கடவுச்சொல் அப்படியே, படிக்கிற எழுத்திலேயே கம்பியில் போயிற்று. அதை யாரும் பெரிதாக நினைக்கவில்லை.

1995-இல் பின்லாந்தின் ஹெல்சிங்கி தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் வலைப்பின்னலில் யாரோ ஒட்டுக்கேட்கும் புரோகிராம் ஒன்றைச் சொருகி வைத்திருந்தார்கள். போகிற வருகிற கடவுச்சொற்களை எல்லாம் அது சேர்த்துக்கொண்டிருந்தது. அங்கே ஆய்வாளராக இருந்த தாத்து யுலோனென், இதற்கு மாற்றாக எஸ்எஸ்எச் என்ற முறையை எழுதினார். இரண்டு கணினிகளும் முதலில் தங்களுக்குள் ஒரு ரகசியத்தை உண்டாக்கிக்கொள்ளும். பிறகு பேசுவதெல்லாம் அந்த ரகசியத்தால் பூட்டப்பட்டே போகும். கணினிக்குள் நுழையும் வாசல்களில் (போர்ட்) எஃப்டிபிக்கு 21-ஆம் வாசல், தூரத்துக் கணினியை இயக்கும் டெல்நெட்டுக்கு 23-ஆம் வாசல் என்று ஏற்கெனவே ஒதுக்கியிருந்தார்கள். இடையில் 22 காலியாக இருந்தது. அவர் கேட்டார், கொடுத்துவிட்டார்கள். கடவுச்சொல்லைத் திறந்து அனுப்பிய இரண்டு பழைய முறைகளுக்கும் நடுவில் இன்றைக்கும் அது இருக்கிறது. அந்த வருடம் முடிவதற்குள் ஐம்பது நாடுகளில் ஏறக்குறைய 20,000 பேர் அதைப் பயன்படுத்தத் தொடங்கியிருந்தார்கள்.

எஸ்எஸ்எச் போட்டுக் கொடுத்த பாதுகாப்பான பாதையில் கோப்பைத் தூக்கிக்கொண்டு நடப்பதுதான் எஸ்எஃப்டிபி. இதில் ஒரு வேடிக்கை. எஸ்எஸ்எச் 2006 ஜனவரியில் முறைப்படி இணைய விதிமுறை ஆயிற்று. எஸ்எஃப்டிபிக்கோ இன்றுவரை வரைவோடு சரி. பெரும்பாலான சர்வர்கள் அந்த வரைவின் மூன்றாம் பதிப்பையே பேசுகின்றன. முடிந்த முடிவாக ஒரு சட்டம் இல்லாததால் ஒவ்வொரு சர்வரும் சில இடங்களில் தன் போக்கில் நடந்துகொள்ளும். என் வேலையில் பாதி அதனால் வருகிறது.

சிவப்பு எழுத்தை வாசியுங்கள்

“திரையில என்ன எழுதியிருக்கு அண்ணாச்சி?”

“என்னமோ செவப்புல எழுதிருக்கு தம்பி. ஃபெயிலுன்னு முடியுது.”

“அதுக்கு முன்னால உள்ளதையும் வாசிங்க.”

“இங்கிலீசுல நெறையா இருக்குலா.”

“இருந்துட்டுப் போகட்டும். போட்டோ எடுத்து அனுப்புங்க. ஒரு எழுத்து விடாம வரணும்.”

அந்த நிறைய இங்கிலீசில்தான் விடை இருக்கிறது. சில புரோகிராம்களில் அதுவும் இருக்காது. எழுதியவர் எல்லாப் பிழைகளையும் ஒரே வலையில் பிடித்து, ‘கனெக்‌ஷன் ஃபெயில்டு’ என்ற ஒற்றை வரியாக மாற்றி வைத்திருப்பார். பார்க்கச் சுத்தமாக இருக்கும், கண்டுபிடிக்க ஒன்றும் இருக்காது. அப்படிப்பட்ட புரோகிராம் கைக்கு வந்தால் நான் முதலில் செய்வது, அது விழுங்கிய பிழையை அப்படியே லாக் கோப்பில் கக்க வைப்பது. மற்றதெல்லாம் அதற்குப் பிறகுதான்.

பதில் வந்ததா, வரவில்லையா

முதல் படி, சர்வரின் வாசலைத் தட்டுவது. இங்கே இரண்டு விதமான பிழை வரும். கேட்க ஒன்றுபோல் இருக்கும், பொருள் முற்றிலும் வேறு.

‘கனெக்‌ஷன் ரெஃப்யூஸ்டு’ என்று உடனே வந்தால், அந்த முகவரியில் கணினி இருக்கிறது, நாம் தட்டியது அதற்குக் கேட்டிருக்கிறது, ஆனால் அந்த வாசலில் யாரும் உட்கார்ந்திருக்கவில்லை. வாசல் எண் தவறாக இருக்கலாம், அல்லது அங்கே சேவை நின்றுபோயிருக்கலாம். ‘கனெக்‌ஷன் டைம்ட் அவுட்’ என்று வெகுநேரம் கழித்து வந்தால், பதிலே வரவில்லை. லினக்ஸ் கணினி ஏறக்குறைய இரண்டு நிமிடம்வரை திரும்பத் திரும்பத் தட்டிப் பார்த்துவிட்டுத்தான் கைவிடும். பெரும்பாலும் நடுவில் ஒரு ஃபயர்வால் நம் தட்டலைச் சத்தமில்லாமல் கீழே போட்டிருக்கும்.

வங்கி சர்வர்கள் இரண்டாவது ரகம். முன்கூட்டியே பதிவு செய்த ஐபி முகவரியில் இருந்து வந்தால் மட்டுமே வாய் திறக்கும். இந்த ஊரில் சாரல் மாதங்களில் இது அடிக்கடி பிடிபடும். காற்றுக்கு மரம் சாயும், கேபிள் அறும். அலுவலகத்தில் உள்ள பிள்ளைகள் சாமர்த்தியமாக ஃபோன் ஹாட்ஸ்பாட்டைப் போட்டுவிடுவார்கள். வாட்ஸ்அப் வரும், யூடியூப் ஓடும், வங்கியின் வலைத்தளம்கூடத் திறக்கும். ஃபைல் மட்டும் போகாது. “நெட்டு நல்லாத்தான் இருக்கு தம்பி” என்று அண்ணாச்சி சத்தியம் செய்வார். அவர் சொல்வது உண்மை. ஆனால் கைபேசி வழியாகப் போகும்போது வெளியே தெரிகிற ஐபி வேறு, அதுவும் பல பேருக்குப் பொதுவானது. வங்கிக்கு அது முன்பின் தெரியாத ஆள். இன்டர்நெட் நிறுவனத்தை மாற்றினாலும் இதே கதிதான். புதிய இணைப்பு வேகமாக இருக்கும், சம்பளம் நின்றுபோகும்.

இரண்டாவது படியில் சர்வர் தன்னை அறிமுகம் செய்துகொள்ளும். எஸ்எஸ்எச் சர்வர் என்றால் முதல் வரியிலேயே ‘எஸ்எஸ்எச்-2.0’ என்று தொடங்கும். அதற்குப் பதில் ‘220’ என்று ஓர் எண்ணில் தொடங்கினால் நாம் எஃப்டிபி சர்வரின் வாசலில் நிற்கிறோம். எஸ்எஃப்டிபியும் எஃப்டிபிஎஸ்ஸும் ஓர் எழுத்து இடம் மாறிய பெயர்கள்தான், ஆனால் உறவே இல்லாத இரண்டு முறைகள். பின்னது பழைய எஃப்டிபிக்கு மேல் வலைத்தளங்கள் போடும் பூட்டைப் போட்டது. 21-ஆம் அல்லது 990-ஆம் வாசலில் இருக்கும். இரண்டு அலுவலகங்கள் மின்னஞ்சலில் வாரக்கணக்காகப் பேசிவிட்டு, கடைசியில் ஆளுக்கொரு முறையை மனதில் வைத்திருந்தது தெரியவருவது உண்டு.

முடியவில்லை வேறு, மாட்டேன் வேறு

அடுத்த படியில்தான் நல்ல புரோகிராமர்களும் தடுமாறுவார்கள். எந்தக் கணக்கு முறையில் பூட்டுவது என்று இரண்டு பக்கமும் பேரம் பேசும். நான் அறிந்தவை இவை என்று ஒவ்வொன்றும் ஒரு பட்டியல் நீட்டும். இரண்டிலும் பொதுவாக ஒன்றாவது இருந்தால் பேரம் படியும். இல்லாவிட்டால் ‘அல்காரிதம் நெகோசியேஷன் ஃபெயில்’.

நேற்றுவரை ஓடிய புரோகிராம், ஓர் எழுத்தும் மாற்றாமல் இன்றைக்கு நிற்பதற்கு இது முக்கியமான காரணம். 2017-இல் கூகுளும் ஆம்ஸ்டர்டாமின் சிடபிள்யுஐ ஆய்வு நிறுவனமும் ‘ஷா-1’ என்ற பழைய கணக்கு முறையை உடைத்துக் காட்டின. வெவ்வேறான இரண்டு ஆவணங்களுக்கு ஒரே ஷா-1 அடையாளம் வரும்படி செய்துவிட்டார்கள். அப்படியென்றால் அந்த முறையில் போட்ட கையெழுத்தை நம்ப முடியாது. உலகில் மிக அதிகமாகப் பயன்படும் எஸ்எஸ்எச் மென்பொருளான ஓபன்எஸ்எஸ்எச், 2021 செப்டம்பரில் வந்த 8.8 பதிப்பில் ஷா-1 கையெழுத்தை இயல்பாக ஏற்பதை நிறுத்தியது. அதற்கு முன்பு 2015-இல் டிஎஸ்ஏ என்ற பழைய வகைச் சாவிகளையும் இப்படித்தான் ஒதுக்கினார்கள்.

நம் பக்கத்துத் தொழில் மென்பொருள்களில் ஜாவா அதிகம். அதில் எஸ்எஃப்டிபிக்குப் பல வருடங்களாகப் புழங்கியது ஜேஎஸ்சிஎச் என்ற நூலகம், அதாவது புரோகிராமர்கள் எடுத்துப் பயன்படுத்தும் ஆயத்த நிரல் தொகுப்பு. அதன் மூல ஆசிரியர்களிடமிருந்து வந்த கடைசிப் பதிப்பு 2018-இல். புதிய கையெழுத்து முறை அதற்குத் தெரியாது. வங்கி தன் சர்வரைப் புதுப்பித்த மறுநாள் அது திகைத்து நிற்கும். சில நேரம் பேரம் படிந்து, அதற்கடுத்த படியில் ‘ஆத் ஃபெயில்’ என்று விழும். சாவி சரி, பயனர் பெயர் சரி, கையெழுத்து போட்ட முறைதான் பழசு. பார்க்கிறவர் கடவுச்சொல்லை மாற்றி மாற்றிப் போட்டு, கணக்கே முடங்கிப்போகும்வரை போய்விடுவார். இதற்குத் தீர்வு எளிது. அதே நூலகத்தை வேறு ஆட்கள் எடுத்துப் புதுப்பித்து வருகிறார்கள், அதற்கு மாறிவிடலாம். வங்கியிடம் பழைய முறையைத் திரும்பத் திறந்துவிடச் சொல்லிக் கேட்பது தீர்வாகாது.

இங்கே ஒரு பாகுபாடு வேண்டும். கேபிள் அறுந்தது ‘முடியவில்லை’ ரகம். பேரம் படியாதது ‘மாட்டேன்’ ரகம். முதலாவதைப் பழுதுபார்க்கலாம். இரண்டாவதில் பழுது எதுவும் இல்லை. எதிரில் உள்ள சர்வர் தன் வேலையைச் சரியாகச் செய்கிறது. அதன் காரணத்தை நாம் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும்.

ஆள் மாறியிருக்கிறது

மாட்டேன் ரகத்தில் தலையாயது ஹோஸ்ட் கீ. ஒவ்வொரு எஸ்எஸ்எச் சர்வருக்கும் தனக்கென ஒரு சாவி உண்டு, அந்தச் சாவிக்கு ஒரு கைரேகை உண்டு. முதல்முறை பேசும்போது நம் புரோகிராம் அதைக் குறித்து வைத்துக்கொள்ளும். அடுத்தமுறை ரேகை மாறியிருந்தால் போக மறுத்துவிடும். ஓபன்எஸ்எஸ்எச் இதற்கு வரி வரியாகப் பெரிய எழுத்தில் எச்சரிக்கை காட்டும். யாரோ கெட்ட காரியம் பண்ணிக்கொண்டிருக்கலாம் என்று அதிலேயே எழுதியிருக்கும்.

ரேகை மாற நியாயமான காரணங்கள் உண்டு. வங்கி சர்வரை மாற்றியிருக்கலாம். 2023 மார்ச் 24 அன்று, புரோகிராமர்கள் தங்கள் நிரல்களைச் சேர்த்துவைக்கும் தளமான கிட்ஹப் தன் ஆர்எஸ்ஏ ஹோஸ்ட் கீயை மாற்றியது. அதன் ரகசியப் பகுதி சற்று நேரம் பொதுவில் தெரிந்துவிட்டதால், முன்னெச்சரிக்கையாகச் செய்தது. அன்றைக்கு உலகமெங்கும் புரோகிராமர்கள் திரையில் இந்த எச்சரிக்கை வந்தது. கிட்ஹப் புதிய கைரேகையைத் தன் தளத்தில் வெளியிட்டிருந்தது. ஒப்பிட்டுப் பார்த்தவர்கள் ஒரு நிமிடத்தில் வேலையைத் தொடர்ந்தார்கள்.

ஒப்பிடாமலும் தொடரலாம். அதற்கு ஒரு வரி போதும். ஜேஎஸ்சிஎச்சில் ‘ஸ்ட்ரிக்ட் ஹோஸ்ட் கீ செக்கிங்’ என்பதற்கு எதிரில் ‘நோ’ என்று எழுதிவிட்டால் எந்த ரேகையானாலும் புரோகிராம் ஏற்றுக்கொள்ளும். பிழை மறையும், ஃபைல் போகும், முதலாளி கை கொடுப்பார். விண்டோஸில் பலரும் பயன்படுத்தும் வின்எஸ்சிபி நூலகத்தை எழுதியவர்கள் இந்த வசதிக்கு நேர்மையான ஒரு பெயர் வைத்தார்கள்: ‘கிவ் அப் செக்யூரிட்டி’ என்று தொடங்கும் நீளமான பெயர். பாதுகாப்பைக் கைவிட்டேன் என்று புரோகிராமர் தன் கையாலேயே எழுத வேண்டும்.

குற்றாலத்தில் பேரருவியில் தண்ணீர் மிஞ்சி விழுந்தால் குளிக்கத் தடை போட்டுவிடுவார்கள். வெளியூரிலிருந்து வேன் பிடித்து, உடம்பெல்லாம் எண்ணெய் தேய்த்துக்கொண்டு நிற்பவர்களுக்குக் கோபம் வரத்தான் செய்யும். அந்தத் தடுப்பை இழுத்து ஓரமாகப் போட்டுவிட்டால் புகார் எல்லாம் நின்றுவிடும். வெள்ளம் நிற்காது. ‘நோ’ என்று எழுதுகிறவர் செய்வது இதைத்தான். தண்ணீர் குறைந்துவிட்டதா என்று பார்ப்பதற்குப் பதில் பலகையைக் கழற்றுகிறார்.

நான் பார்க்கச் சென்ற புரோகிராம்களில் இந்த ‘நோ’வைக் காணாதது அபூர்வம். என்றைக்கோ ஒரு மாலை, சம்பள அவசரத்தில் யாரோ போட்டது. பிறகு யாரும் எடுக்கவில்லை. அந்த அலுவலகத்துச் சம்பளப் பட்டியல், நடுவில் ஒருவன் வங்கி வேஷம் போட்டு நின்றால் அவனிடமே நேராகப் போய்ச் சேரும். கடவுச்சொல்லும் சேர்ந்து போகும். செய்ய வேண்டியது ஒரு ஃபோன் மட்டுமே: வங்கியின் தொழில்நுட்பப் பிரிவை, ஏற்கெனவே நம்மிடம் இருக்கும் எண்ணில் அழைத்து, புதிய கைரேகையைக் கேட்டு ஒப்பிடுவது. மின்னஞ்சலில் புதிதாக வந்த எண்ணில் அழைக்கக் கூடாது.

சாவியும் வணக்கமும்

சர்வர் யார் என்று நாம் தெரிந்துகொண்ட பின், நாம் யார் என்று அது கேட்கும். கடவுச்சொல் சொல்லலாம். சாவி காட்டுவது மேல். சாவிக்கு இரண்டு பாதி: பொதுப் பாதியை வங்கிக்குக் கொடுக்க வேண்டும், ரகசியப் பாதி நம் கணினியை விட்டு வெளியே போகவே கூடாது. எந்தப் பாதியை அனுப்புவது என்று குழம்பி, ரகசியப் பாதியை வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டு “சரியா வந்துட்டா தம்பி?” என்று கேட்டவர்கள் உண்டு. அந்தச் சாவியை அந்த நிமிடமே தூக்கிப் போட்டுவிட்டுப் புதிது செய்ய வேண்டும்.

சாவிக் கோப்பின் எழுத்து வடிவமும் காலை வாரும். 2018 ஆகஸ்டில் வந்த ஓபன்எஸ்எஸ்எச் 7.8-இலிருந்து சாவிகள் இயல்பாகவே புதிய வடிவத்தில் உருவாகின்றன. பழைய நூலகங்களுக்கு அது புரியாது. ‘இன்வேலிட் ப்ரைவேட் கீ’ என்று சொல்லும். சாவி செல்லும், அந்த நூலகத்துக்கு அதை வாசிக்கத் தெரியவில்லை, அவ்வளவுதான்.

எனக்குப் பிடித்த பிழை ஒன்று இதற்கடுத்த படியில் இருக்கிறது. எல்லாம் சரியாக நடந்து, உள்ளே நுழைந்த நொடியில் ‘ரிசீவ்டு மெசேஜ் டூ லாங் 3769546208’ என்று வந்து இணைப்பு அறுந்துபோகும். இந்தப் பத்து இலக்க எண் எங்கிருந்து வந்தது? எஸ்எஃப்டிபியில் ஒவ்வொரு செய்தியும், நான் இத்தனை பைட் நீளம் என்று நான்கு பைட்டில் சொல்லிக்கொண்டுதான் தொடங்கும். யாரோ ஒரு நிர்வாகி, சர்வருக்குள் வருகிறவர்களை வரவேற்கட்டும் என்று அதன் தொடக்கக் கோப்பில் ‘வணக்கம்’ என்று அச்சிடும் ஒரு வரியை வைத்திருக்கிறார். மனிதர்களுக்கு நல்லது. நம் புரோகிராமோ நீளத்தை எதிர்பார்த்து நிற்கிறது. யூனிகோட் தமிழில் ‘வ’ மூன்று பைட், ‘ண’வின் முதல் பைட்டையும் சேர்த்தால் நான்கு. அந்த நான்கையும் ஓர் எண்ணாக வாசித்தால் வருவது 3769546208. ஏறக்குறைய நானூறு கோடி பைட் நீளத்தில் ஒரு செய்தி வரப்போகிறது என்று அது மிரண்டு ஓடிவிடுகிறது. பிழையில் உள்ள எண்ணைத் திரும்ப எழுத்தாக்கிப் பார்த்தால் என்ன வரவேற்புரை என்பதே தெரிந்துவிடும். பிழைச் செய்தியை ஓர் எழுத்து விடாமல் கேட்பது இதனால்தான்.

போய்ச் சேர்ந்தது, பாதியாக

உள்ளே போன பிறகும் சிக்கல் உண்டு. எஸ்எஃப்டிபி பிழைகளுக்கு எண் வைத்திருக்கிறது. 2 என்றால் அந்தக் கோப்போ அடைவோ இல்லை. 3 என்றால் அனுமதி இல்லை. இவை தெளிவு. 4 என்றால் வெறுமனே ‘ஃபெய்லியர்’. வட்டு நிரம்பினாலும் 4, அதே பெயரில் ஏற்கெனவே கோப்பு இருக்கும் இடத்துக்கு இன்னொன்றைப் பெயர் மாற்றினாலும் பல சர்வர்களில் 4. இந்த எண் வந்தால் எதிர்ப்பக்கத்து லாக்கைப் பார்த்தவரிடம் கேட்காமல் முடிவுக்கு வர முடியாது.

சம்பளக் கோப்பில் இதைவிடப் பெரிய ஆபத்து, பாதியில் அறுந்துபோவது. நூறு வரியில் அறுபது போனதும் கரண்ட் போயிற்று என்று வையுங்கள். வங்கிப் பக்கத்தில் கோப்புக்காகக் காத்திருக்கும் புரோகிராம், வந்த அறுபதையும் முழுசு என்று நினைத்து எடுத்துக்கொண்டால்? அதனால் கோப்பை முதலில் தற்காலிகப் பெயரில் அனுப்ப வேண்டும். கடைசி பைட்டும் போய், அளவும் ஒத்துப்போன பின்தான் உண்மையான பெயருக்கு மாற்ற வேண்டும். பெயர் மாறும்வரை வங்கி தொடாது.

இதன் மறுபக்கம், திரும்ப அனுப்புவது. கோப்பு முழுதாகப் போய்விட்டது, ஆனால் ‘வந்து சேர்ந்தது’ என்ற பதில் வரும் முன் இணைப்பு அறுந்தது. நம் புரோகிராமுக்குத் தோல்வி. அது மறுபடி அனுப்புகிறது. வங்கி இரண்டையும் வாங்கி இரண்டு சம்பளம் போட்டுவிட்டால், கொடுத்ததைத் திரும்பக் கேட்கும் சங்கடத்தை எந்த முதலாளியும் மறக்க மாட்டார். எனவே ஒவ்வொரு பட்டியலுக்கும் ஒரு தனி எண் வேண்டும், மறுபடி அனுப்பும்போது அதே எண்ணில்தான் அனுப்ப வேண்டும். ஒரே எண்ணில் இரண்டாவது வந்தால் ஒதுக்க வங்கியோடு ஒப்பந்தம் வேண்டும். வங்கி திருப்பி அனுப்பும் பதில் கோப்பைப் பார்க்காமல், போகவில்லை என்று சொல்லி மறுபடி பொத்தானை அமுக்கவே கூடாது.

மணி என்ன?

லாக் இல்லாமல் இந்த வேலை இல்லை. லாக் இருந்தும் மணி ஒத்துப்போகாவிட்டால் பயனில்லை. வெளிநாட்டு சர்வர்கள் பெரும்பாலும் உலகப் பொது நேரமான யுடிசியில் எழுதும், நாம் அதற்கு ஐந்தரை மணி நேரம் முன்னால் இருக்கிறோம். மாலை 6 மணிக்கு விழுந்த பிழையை அவர்கள் பகல் 12.30-இல் தேட வேண்டும். அதைச் சொல்லாமல் “ஆறு மணிக்குப் பாருங்கள்” என்றால் ‘எங்கள் பக்கம் ஒன்றும் வரவில்லை’ என்ற பதில்தான் கிடைக்கும். அவர்கள் பொய் சொல்லவில்லை.

இந்திய அரசின் கணினி அவசரநிலைக் குழுவான செர்ட்-இன், 2022 ஏப்ரல் 28-இல் வெளியிட்ட உத்தரவு இதைச் சட்டக் கடமையாகவே ஆக்கியிருக்கிறது. கணினிகளின் கடிகாரத்தை அரசு நேர சர்வர்களோடு ஒத்திசைக்க வேண்டும், லாக்குகளை 180 நாள் வைத்திருக்க வேண்டும், ஊடுருவல் போன்ற சம்பவங்களை 6 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும். வட்டில் இடமில்லை என்று லாக்கை அழிப்பவர்களிடம் நான் இதைத்தான் எடுத்துக் காட்டுவது.

சின்ன வித்தியாசத்தைத் துரத்தினால் என்ன கிடைக்கும் என்பதற்கு 2024 மார்ச் சாட்சி. மைக்ரோசாஃப்டில் வேலை பார்க்கும் ஆண்ட்ரெஸ் ஃப்ராய்ண்ட், தன் சோதனைக் கணினியில் எஸ்எஸ்எச் நுழைவு ஏறக்குறைய அரை நொடி தாமதமாவதைக் கவனித்தார். எதுவும் நின்றுபோகவில்லை, சிவப்பு எழுத்து வரவில்லை. அரை நொடிதானே என்று விட்டிருக்கலாம். தோண்டிப் பார்த்தார். எக்ஸ்இசட் என்ற கோப்புச் சுருக்க மென்பொருளுக்குள் ஒருவர் பொறுமையாக நம்பிக்கையைச் சம்பாதித்து, எஸ்எஸ்எச்சுக்குள் திருட்டுவழி திறக்கும் நிரலை ஒளித்துவைத்திருந்தது தெரிந்தது. மார்ச் 29 அன்று அவர் அதை உலகுக்குச் சொன்னார். பெரும்பாலான சர்வர்களுக்கு அந்தப் பதிப்பு போய்ச் சேருமுன் தடுத்துவிட்டார்கள்.

அலுவலகத்துக்கு ஒரு நோட்டு

புரோகிராம் தெரியாத கணக்குப்பிள்ளைகளுக்கு நான் சொல்வது, மேசையில் ஒரு நோட்டு வையுங்கள் என்று. வங்கியில் பதிவு செய்த ஐபி எது, சர்வரின் பெயரும் வாசல் எண்ணும் என்ன, அதன் கைரேகை என்ன, நம் சாவி எந்தத் தேதியில் காலாவதி ஆகிறது, வங்கியின் தொழில்நுட்ப ஆள் எந்த எண்ணில் கிடைப்பார் என்று அதில் இருக்க வேண்டும். பிழை வந்தால் நேரம், முழு வாசகம், அதற்கு முன் அலுவலகத்தில் என்ன மாறியது என்று மூன்றையும் எழுதவேண்டும். புது மோடமா, புது கம்ப்யூட்டரா, விண்டோஸ் அப்டேட்டா? “ஒண்ணுமே மாத்தலியே” என்று தொடங்கும் பேச்சு, நோட்டைத் திறந்ததும் பெரும்பாலும் “ஆமா, முந்தா நாள் ஒரு பையன் வந்து நெட்டை மாத்திட்டுப் போனான்” என்று முடியும்.

என்னிடம் வேலை கற்றுக்கொள்ள வரும் பிள்ளைகளுக்கு அதே நோட்டில் இன்னொரு பக்கம் உண்டு. ஏதாவது ஒரு சரிபார்ப்பை நிறுத்தித்தான் ஃபைலை அனுப்ப முடியும் என்ற நிலை வந்தால், எந்தச் சரிபார்ப்பு, எதற்காக, எந்தத் தேதிவரை, யார் சொல்லி என்று அதில் எழுதி, சொன்னவரிடம் கையெழுத்து வாங்க வேண்டும். முதலாளியே சொன்னாலும் அவர் கையெழுத்துதான். இந்த வழக்கம் வந்தபிறகு அந்தப் பக்கம் ஏறக்குறைய காலியாகவே இருக்கிறது. பேனாவை நீட்டியதும், “இரு தம்பி, பேங்க்ல ஒரு வார்த்தை கேட்டுருவோம்” என்று அவர்களே ஃபோனை எடுத்துவிடுகிறார்கள்.